வன்னியில் மவுண்டன் பைக் ஓடப் பாதை தெரிவு செய்வது எப்படி? தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். இங்கிலாந்தின் வடபகுதியில் வளர்ந்த தம்பி ஒருவர் ஓகஸ்ட் மாதம் இலங்கையின் வன்னியில், தகப்பனின் ஊரான மல்லாவிக்கு வருகிறார். யோர்க்ஷயர் மேட்டுநிலங்களிலும் பீக் டிஸ்ட்ரிக்டிலும் மவுண்டன் பைக் ஓடிப் பழகியவர். வரைபடத்தில் உயரக்கோடுகளைப் பார்த்து, எந்த மேட்டில் ஏறி எந்தப் பள்ளத்தாக்கில் இறங்குவது என்று பாதை போடத் தெரிந்தவர். "மலையே இல்லாத வன்னியில் எதை வைத்துப் பாதை தெரிவு செய்வது? ஒரு நாளைக்கு 40, 50 கிலோமீற்றர் ஓடக்கூடிய மண் பாதைகள் எவை?" என்று கேட்கிறார். எந்தப் பாதையில் ஓட உரிமை உண்டு, என்ன சைக்கிள் கொண்டு வருவது என்றும் கேட்கிறார்.

தம்பி, அங்கே கற்றதைக் கைவிட வேண்டாம். மேட்டுநிலத்தில் பாதை போடுகிறவர் நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பாதையில் சைக்கிள் போக உரிமை உண்டு என்றுதான் பார்க்கிறார். வன்னியிலும் பார்க்க வேண்டியவை இவைதான். ஆனால் இங்கே சாய்வு கண்ணுக்குப் பிடிபடாது. பீக் டிஸ்ட்ரிக்டின் கிண்டர் ஸ்கவுட் 636 மீற்றர். இங்கே வவுனியா நகரமே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீற்றர்தான், அங்கிருந்து நிலம் மெல்ல மெல்லக் கடலுக்கு இறங்குகிறது. கால் அந்தச் சாய்வை உணராது. தண்ணீர் உணரும். அதனால்தான் தண்ணீரிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

ஆறுகளைப் பாருங்கள். கனகராயன் ஆறு சேமமடுப் பக்கம் தொடங்கி வடக்கே ஓடி, இரணைமடுவை நிரப்பி, சுண்டிக்குளம் கடலேரிக்குப் போகிறது. பாலியாறும் பறங்கியாறும் மேற்கே திரும்பிப் பாக்குநீரிணையில் விழுகின்றன. உங்கள் ஊருக்குப் பக்கத்து வவுனிக்குளம் பாலியாற்றை மறித்துக் கட்டியது. பேராறு வடகிழக்கே முத்தையன்கட்டுக்கு வந்து நந்திக்கடலை நோக்கிப் போகிறது. இந்த ஆறுகள் ஓடும் தாழ்வுகள்தான் வன்னியின் பள்ளத்தாக்குகள். இரண்டு ஆற்றுக்கு இடையில் கிடக்கும் மேடுதான் உங்கள் மேட்டுநிலம்.

அந்த மேட்டையும் தாழ்வையும் மண்ணின் நிறம் காட்டிக்கொடுக்கும். மேட்டில் செம்மண்ணும் கிரவலும் இருக்கும், பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும். இறங்க இறங்க மண் சாம்பல் நிறமாகிக் களியாக மாறும், வயல் வரும், ஆற்றங்கரையில் மருது வரும். கடலை நெருங்கினால் மணல். செம்மண் பாதை மழை விட்டு ஓரிரு நாளில் ஓடக்கூடியதாகிவிடும். களியில் அதே மழை ஒரு கிழமைக்குச் சில்லைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே ஆற்றுக்குச் சமாந்தரமாக மேட்டில் போகிற பாதை எப்போதும் நம்பிக்கையானது. ஆறுகளைக் குறுக்கே வெட்டிப் போகிற பாதையில் ஒவ்வொரு தாழ்விலும் ஒரு மதகோ சப்பாத்துப் பாலமோ இருக்கும். மாரியில் அந்தப் பாலங்களுக்கு மேலால் தண்ணீர் ஓடும்போது சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடக்கலாம் என்று நினைக்கவே கூடாது. முழங்கால் அளவு ஓட்டமும் ஆளை இழுத்துவிடும். 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தாழ்ந்த ஊர்கள் எல்லாம் வெள்ளத்துக்குள் நின்றன. ஓகஸ்ட்டில் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஆற்றில் பெரும்பாலும் மணல்தான் கிடக்கும். மார்கழியில் ஒருமுறை வரும் எண்ணம் இருந்தால் இதை மனதில் வையுங்கள்.

இனிக் குளக்கட்டு. வன்னியில் சைக்கிள் ஓடுவதன் முழு இன்பமும் இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தாழ்வுக்குக் குறுக்கே போட்ட கட்டு ஒரு பக்க மேட்டையும் மறுபக்க மேட்டையும் தொடுக்கிறது. அதனால் ஆறு பாயும் இடத்தை நனையாமல் கடக்க ஊருக்குள் இருக்கிற பழைய வழி அதுவே. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கீழே வயல், மேலே நீங்கள். கட்டின் ஒரு முனையிலோ இரண்டு முனையிலுமோ வான் இருக்கும். மேலதிகத் தண்ணீர் வழிந்து போகிற இடம் அது, அங்கே பாதை தாழ்ந்து கல்லுக் கட்டுக்குள் இறங்கும். துருசு, அதாவது குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் வாயில், இருக்கிற இடத்திலிருந்து வாய்க்கால் புறப்படும். வாய்க்காலோடு கூடவே ஒரு மண் வீதி போகும்.

அந்த வாய்க்கால் வீதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரதான வாய்க்காலின் வீதி உழவு இயந்திரங்கள் போய்வரும் வீதி, இறுகிக் கிடக்கும், கடைசியில் ஏதாவது ஒரு ஊர்ச் சந்தியில் ஏறும். கிளை வாய்க்காலின் வரம்பு தொடக்கத்தில் அதைவிட அழகாகத் தெரியும், ஆனால் கடைசி வயலில் முடிந்துவிடும். பிறகு இன்னொருவருடைய பயிருக்குள்ளால் சைக்கிளை உருட்ட வேண்டி வரும். செய்மதிப் படத்தில் பார்க்கும்போது துருசிலிருந்து தடிப்பாகவும் வளைந்தும் போகிற கோட்டைப் பிடியுங்கள். அதிலிருந்து கொப்புக் கொப்பாகப் பிரிகிற நேர்கோடுகளை விடுங்கள்.

வரைபடத்துக்கு நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள்கள் நல்லவை. அவற்றில் நீங்கள் தேட வேண்டியது குளங்களின் வரிசையை. ஒரு குளத்தின் வான் தண்ணீர் கீழே அடுத்த குளத்துக்குப் போகும், அது நிறைந்து அதற்கடுத்ததுக்குப் போகும். அந்தச் சங்கிலியைப் பென்சிலால் தொடுத்தால் ஊர்கள் எங்கே, கிணறுகள் எங்கே, பாதைகள் எங்கே என்று முக்கால்வாசி தெரிந்துவிடும். குளம் இல்லாத இடத்தில் ஊர் இல்லை. அங்கே தண்ணீர்ப் போத்தலை நிரப்பவும் முடியாது. ஆனால் ஒன்று, தாளில் இருக்கிற பாதை எல்லாம் தரையில் இல்லை. போர்க்கால இடம்பெயர்வுக்குப் பிறகு ஆள் திரும்பாத ஊர்களின் வீதிகளைக் காடு விழுங்கிவிட்டது. கூகுள் ஏர்த்தில் பழைய ஆண்டுப் படங்களையும் புதியவற்றையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். எல்லா ஆண்டிலும் வெளிறித் தெரிகிற பாதை ஆள் நடமாட்டம் உள்ளது. ஒரு படத்தில் தெரிந்து அடுத்ததில் மங்கிப் போனால் அதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

உரிமை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் 1968 ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட உரிமை கொடுத்தது. இங்கே அப்படி உரிமையுள்ள பாதைகளைப் பச்சைக் கோடு போட்டுக் காட்டும் வரைபடம் கிடையாது. பெரிய குளங்களின் கட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்தினுடையது, சிறிய குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் இருக்கின்றன, ஊர்ச் சனம் இரண்டிலும் சைக்கிளில் போய்வருகிறது. காவலாளி நின்றால் இறங்கிக் கதைத்துவிட்டுப் போங்கள். காட்டுக்குள் கதை வேறு. மடு வீதித் தேசிய பூங்காவும் சுண்டிக்குளம் தேசிய பூங்காவும் 2015 இல் அறிவிக்கப்பட்டவை. அவற்றை ஊடறுக்கும் பொது வீதியில் நின்றுகொள்ளுங்கள், கிளைத் தடங்களில் இறங்க வேண்டாம்.

கண்ணிவெடி பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மேட்டுநிலத்தில் ஓடிப் பழகியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு தடம் காட்டுக்குள் பிரிந்து போனால் எங்கே போகிறது பார்ப்போம் என்று திரும்பிவிடுவார்கள். வன்னியில் அதைச் செய்யக் கூடாது. பெருமளவு நிலம் துப்புரவாக்கப்பட்டுவிட்டது, இலங்கை 2017 டிசெம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலும் இணைந்தது. இருந்தாலும் வேலை முடியவில்லை. முகமாலை, கிளாலி போன்ற முன்னரங்கப் பகுதிகள் மட்டுமல்ல, பழைய முகாம் சுற்றாடல், மண் அணை போட்டிருந்த இடம் எல்லாம் கவனிக்க வேண்டியவை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் திரும்புங்கள். பலகை இல்லாததால் பாதுகாப்பு என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் கடைப்பிடிக்கிற ஒரே விதி, உழவு இயந்திரத்தின் புதுச் சில்லுத் தடம் இருக்கிற பாதையில் மட்டும் ஓடுவது. தடம் நின்றால் நானும் நின்று, வந்த வழியே திரும்புவேன். ஒதுங்கப் போவதானாலும் பாதையை விட்டு விலகுவதில்லை.

அதே விதி இன்னும் இரண்டு ஆபத்திலிருந்து காக்கிறது. மிருகங்கள் போகிற ஒற்றையடித் தடங்களில் வேட்டைக்காரர் கட்டுத்துவக்கு, அதாவது கம்பியில் கால் பட்டதும் வெடிக்கும் பொறித்துவக்கு, கட்டியிருக்கலாம். முழங்கால் உயரத்தில் ஒரு மெல்லிய கம்பி, அவ்வளவுதான் தெரியும். பயிர்க்காலத்தில் பன்றிக்கென்று சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியும் வயலோரங்களில் இருக்கலாம். நல்ல ஒற்றையடிப் பாதை என்று நீங்கள் அங்கே மகிழ்ந்து இறங்குகிற பாதைதான் இங்கே அதிகம் தவிர்க்க வேண்டிய பாதை. அது மனதுக்குக் கவலைதான். ஆனால் குளக்கட்டும் வாய்க்கால் வீதியும் காட்டு வீதியும் சேர்ந்து அந்தக் குறையைத் தாராளமாக ஈடு செய்யும்.

யானைக்கு நேரத்தால்தான் பாதை போட வேண்டும். ஓகஸ்ட்டில் சிறு குளங்கள் வற்றி, தண்ணீர் மிஞ்சிய குளங்களுக்கு யானைகள் கூடும். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகும் காலை வெயில் ஏறும் வரைக்கும் காட்டு வீதியும் காட்டோரக் கட்டும் அவற்றுக்குரியவை. அதனால் விடியற்காலையில் ஊரும் வயலும் உள்ள பகுதியில் ஓடத் தொடங்குங்கள், எட்டு மணிக்குப் பிறகு காட்டுக்குள் நுழையுங்கள், மூன்றரைக்குள் வெளியே வாருங்கள். உச்சி வெயிலில் ஓட வேண்டி வருகிறதே என்பீர்கள். வரும்தான். அதற்காகத்தான் காட்டுப் பகுதியின் நீளத்தைக் குறைத்து, நடுவில் ஒரு கோயில் மண்டபமோ கட்டடியில் மர நிழலோ வருகிற மாதிரிப் போட வேண்டும். புது யானை லத்தி கண்டால், கொப்பு முறிகிற சத்தம் கேட்டால், திரும்புவதில் வெட்கம் இல்லை. பாலைப்பழக் காலத்தில் கரடியும் வீதியோர மரங்களுக்கு வரும். சத்தமில்லாமல் போகிற சைக்கிள் அதற்குத் திடீரென்று முன்னால் போய் நிற்பதுதான் ஆபத்து, ஆகவே வளைவுகளில் மணியை அடித்துக்கொண்டோ கதைத்துக்கொண்டோ போங்கள். தனியே போகாதீர்கள்.

சரி, காற்று. மலைநாட்டுக்காரருக்கு ஏற்றம் எப்படியோ, ஓகஸ்ட் வன்னியில் சோளகக் காற்று அப்படி. தென்மேற்கிலிருந்து அடிக்கும், காலையில் அடங்கியிருந்து பத்து மணிக்குப் பிறகு பலக்கும். திறந்த வெளியிலும் ஏ32 வீதி போகிற மேற்குக் கரையிலும் தெற்கு நோக்கி ஓடினால் முழு நாளும் மேடு ஏறின களைப்புத்தான். சுற்றுப்பாதையானால் தென்மேற்குப் பக்கத்தைக் காலையிலேயே முடியுங்கள், திரும்பி வரும்போது காற்று முதுகில் இருக்கட்டும். ஒருவழிப் பாதையானால் தெற்கிலிருந்து வடக்கே, அல்லது மேற்கிலிருந்து கிழக்கே ஓடுங்கள். மாசி, பங்குனியில் வர முடிந்தால் இன்னும் நல்லது. குளங்கள் நிறைந்திருக்கும், காற்று மெதுவாக இருக்கும், காலபோக அறுவடை நடக்கும். அந்த நாளில் தார் வீதியோரம் நெல் காயப் போட்டிருப்பார்கள், அதன் மேல் சில்லு ஏறக் கூடாது.

இதையெல்லாம் சேர்த்து நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய பாதைகளில் முதலாவது வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மல்லாவியிலிருந்து வவுனிக்குளக் கட்டுக்குப் போய், அங்கிருந்து பாண்டியன்குளம் பக்கம் சுற்றித் திரும்புங்கள். கால் பழகவும் வெயில் பழகவும் முதல் நாளுக்கு அது போதும். இரண்டாவதாகக் கிளிநொச்சிக்குப் போய் இரணைமடுச் சந்தியில் தொடங்குங்கள். இரணைமடு 1902 இல் தொடங்கிய வேலை, கட்டின் நீளம் இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேல். கட்டைக் கடந்து வலதுகரைப் பக்கமாக வட்டக்கச்சி, இராமநாதபுரம் என்று வயலும் தென்னையும் உள்ள குடியேற்ற ஊர்களுக்குள்ளால் தர்மபுரம் வந்து ஏ35 வீதியில் ஏறலாம். காடு குறைவு, கடைகள் நிறைய, சின்னவர்கள் வந்தாலும் கூட்டிப் போகலாம். ஏ35 இல் பரந்தனுக்குத் திரும்பும்போது மட்டும் காற்று எதிரே வரும், லொறிகளும் வரும். அதை விரும்பாவிட்டால் வந்த வழியே திரும்புங்கள்.

மூன்றாவதுதான் நான் உங்களுக்காக ஆசைப்படுகிற பாதை. மடுவில் தொடங்கி வடக்கே பாலம்பிட்டி, நட்டாங்கண்டல், பாண்டியன்குளம், வவுனிக்குளம், மல்லாவி. ஓகஸ்ட்டில் காற்று பின்னால் நிற்கும். முற்பகுதி முழுக்கக் காடு, பிற்பகுதி குளமும் வயலும், முடிவில் உங்கள் வீடு. பறங்கியாற்றுப் பக்கத்தையும் பாலியாற்றுப் பக்கத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம். செம்மண்ணில் ஏறி, களியில் இறங்கி, திரும்ப ஏறி என்று நான் மேலே சொன்ன நிலம் சில்லுக்குக் கீழே மாறி மாறி வருவதை உணர்வீர்கள். மடுமாதாவின் பெருவிழா ஓகஸ்ட் 15. அதற்கு முந்திய நாட்களில் சனமும் வாகனமும் நிறைந்திருக்கும், விழா முடிந்து சில நாள் கழித்து வையுங்கள். முதல் நாள் மாலை மடுவிலேயே தங்கி, காலை எட்டு மணிக்குப் புறப்படுங்கள். மடு வீதி நிலையம் வரைக்கும் தலைமன்னார்ப் பாதையில் புகையிரதம் இருக்கிறது, சைக்கிளை ஏற்ற முடியுமா என்று ஏறும் நிலையத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பாலம்பிட்டியில் தண்ணீரை நிரப்பாமல் தாண்ட வேண்டாம்.

கிழக்கே போக விரும்பினால் மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம். ஏ34 தார் வீதிதான், ஆனால் காற்று தள்ளிக்கொண்டு போகும். ஒட்டுசுட்டானுக்குச் சற்று முன்னால் கற்சிலைமடுவில், 1803 ஒக்ரோபர் 31 அன்று வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாக வெள்ளைக்காரர் நட்ட கல்லின் இடம். நின்று பார்த்துவிட்டுப் போங்கள். முத்தையன்கட்டுக் குளம் ஒட்டுசுட்டானிலிருந்து கிட்ட. பிறகு முள்ளியவளை, வற்றாப்பளை அம்மன் கோயில், நந்திக்கடல் ஓரம். கடலேரி ஓரத்து மணலில் சில்லு புதையும், உருட்டிக்கொண்டு நடக்கத் தயாராக இருங்கள்.

எந்தப் பாதையானாலும் புறப்படும் காலையில் சந்திக் கடையில் ஒரு பிளேன்ரி குடித்து, "அண்ணை, இந்தப் பாதையால இப்ப ரக்ரர் போகுதோ? யானை நிக்குதோ?" என்று கேளுங்கள். எந்தச் செயலியும் தராத பதில் கிடைக்கும். ஒருவர் "போகலாம்" என்றால் அடுத்த சந்தியில் இன்னொருவரிடமும் கேளுங்கள். மோட்டார் சைக்கிளில் பால் எடுக்கிறவர்களும் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்களும் சொல்வது சரியாக இருக்கும், அவர்கள் அன்று காலையே அந்த வழியால் வந்தவர்கள்.

சைக்கிளைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். கொண்டு வாருங்கள், ஆனால் பின் சஸ்பென்சன் உள்ளது தேவையில்லை. முன் சஸ்பென்சன் மட்டும் உள்ள சாதாரணச் சைக்கிளும் 2.2 அங்குல ரயரும் போதும். ஆழமான பல்லுள்ள ரயர் சேற்றுக்கானது, ஓகஸ்ட்டில் அதனால் பயன் இல்லை. புதுக் கிரவல் போட்ட வீதியில் கல்லு போளை மாதிரி உருளும், வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தால் விழுவீர்கள். காற்றைக் கொஞ்சம் குறைத்து, வீதியோரத்தில் ஊர்ச் சைக்கிள்கள் ஓடி இறுகிய கோட்டைப் பிடித்துப் போங்கள். நெருஞ்சியும் உடைமுள்ளும் ரயரை விட்டு வைக்காது, ஆகவே ரியூப் இல்லாத ரயரும் உள்ளே ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்டும் நல்லது. அதோடு மேலதிக ரியூப் இரண்டும் கைப்பம்பும் கட்டாயம். ஊர்ச் சைக்கிள் கடைக்காரர்கள் வளைந்த சில்லை நிமிர்த்துவதிலும் ஒட்டுப் போடுவதிலும் கெட்டிக்காரர், 29 அங்குல ரியூப்பும் எண்ணெய் பிரேக்குக்கான சாமானும் அவர்களிடம் கிடைப்பது அரிது. பிரேக் கட்டையும் கியர் தொங்கும் கொழுவியும் ஒவ்வொன்று கூடுதலாகப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆளுக்கு நான்கு லீற்றருக்குக் குறையாமல்.